மாலை நான்கு மணிக்கு அந்தத் தெரு

எனக்கு வேறு நகரத்துக்கு வேலை மாற்றல் உறுதியான அன்று இரவே என் கணவர் ஓர் எக்செல் தாளைத் திறந்துவிட்டார். இடப்பக்கம் பதினான்கு புறநகர்ப் பகுதிகளின் பெயர்கள். மேலே பதினொரு தலைப்புகள். வாடகை, படுக்கையறைகளின் எண்ணிக்கை, என் அலுவலகத்துக்கு ஆகும் பயண நேரம், ரயில் நிலையத்தின் தூரம், பள்ளியின் தரவரிசை, மருத்துவமனை, பூங்கா, குற்றப் பதிவுகள், மழை பெய்தால் தண்ணீர் தேங்குமா என்பது வரை எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, பள்ளிக்கு மட்டும் இரட்டிப்பு எடை கொடுத்துக் கூட்டிப் பார்த்ததில், ஒரு பகுதி மற்ற பதின்மூன்றையும் பின்னுக்குத் தள்ளி முன்னே நின்றது. அங்கேயே வீடு எடுத்தோம். பதின்மூன்று மாதங்கள் கழித்து, இரண்டு பிள்ளைகளையும் ஒரு லாரி நிறையச் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு, அதே நகரத்தில் இன்னொரு வீட்டுக்குக் குடிபெயர்ந்தோம்.

அந்தத் தாளை நான் இன்னும் அழிக்கவில்லை. அவ்வப்போது திறந்து பார்த்தால், அதில் தவறான தகவல் என்று எதையும் சுட்ட முடியாது. ஆனால் பன்னிரண்டாவதாக இருந்திருக்க வேண்டிய ஒரு தலைப்பு இல்லை. பள்ளி விட்ட பிறகு, மாலை நான்கு மணிக்கு, எங்கள் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள், யாரோடு இருப்பார்கள், அங்கே போவதற்கு எங்களில் ஒருவர் வண்டியை எடுத்தாக வேண்டுமா என்ற கேள்விதான் அது. அப்போது மகளுக்குப் பன்னிரண்டு வயது, மகனுக்கு ஏழு. அந்த வயதுகளில் ஊர் மாறுகிற பிள்ளைகளுக்கு மற்ற பதினொரு தலைப்புகளும் சேர்ந்து தராத ஒன்றை இந்த ஒரு தலைப்பு தருகிறது என்பதை ஓராண்டு வாழ்ந்துதான் தெரிந்துகொண்டோம்.

பெரியவர்களின் வாழ்க்கை நகரம் முழுக்கப் பரந்து கிடக்கிறது. அலுவலகம் ஒரு மூலையில் இருக்கும், நண்பர்கள் இன்னொரு மூலையில் இருப்பார்கள், வேண்டிய பொருள் மூன்றாவது மூலையில் கிடைக்கும். நாம் போய்வந்துகொள்வோம். பிள்ளைக்கு அப்படி இல்லை. கால் எட்டுகிற தூரம்தான் அதன் ஊர். நாம் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுக்கும்போது நமக்கு ஒரு முகவரி கிடைக்கிறது; பிள்ளைக்கோ, வீட்டு வாசலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பது எதுவோ அதுதான் கிடைக்கிறது. வீடு தேடும் விளம்பரங்களில் ‘பகுதி’ என்று சொல்லப்படுவது பல சதுரக் கிலோமீட்டர் பரப்பு. அதில் எந்தத் தெரு, தெருவில் எந்தப் பக்கம், பள்ளிக் கதவுக்கும் நம் வாசலுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பவை எல்லாம் வீட்டுக்குப் பணம் கட்டிய பிறகு நாமாகக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியவை.

எங்கள் முதல் வீடு நல்ல வீடு. மூன்று படுக்கையறைகள், பின்பக்கம் புல்தரை, வாசலில் நிழல் மரம். பள்ளியின் சேர்க்கை எல்லைக்குள் அது இருந்தது உண்மை. ஆனால் எல்லையின் கடைசி விளிம்பில் இருந்தது. பள்ளிக் கதவுக்கு ஆறு கிலோமீட்டர் தூரம், நடுவில் ஆறு தடங்கள் கொண்ட நெடுஞ்சாலை. ‘பள்ளிக்கு எட்டு நிமிடம்’ என்று சொன்ன தரகர் பொய் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், காரில், எட்டு நிமிடம்தான் ஆகும். வார நாளின் காலையில் அந்தத் தூரத்தைக் கடக்க இருபத்தைந்து நிமிடங்களுக்கு மேல் ஆனது. பள்ளிக்கு விடப் போவது, வெறும் வண்டியோடு திரும்புவது, மாலையில் மறுபடி போவது, பிள்ளைகளோடு வருவது என்று நாளுக்கு நான்கு நடை. நடைக்குச் சராசரி இருபது நிமிடம் என்று வைத்து, பள்ளி நாட்களை இருநூறாகக் கொண்டால், ஆண்டுக்கு 266 மணி நேரம் ஆகிறது. எட்டு மணி நேர வேலைநாளாகக் கணக்கிட்டால் முப்பத்து மூன்று நாட்கள். என் அலுவலகப் பயண நேரத்துக்குத் தாளில் ஒரு தலைப்பு இருந்தது. பிள்ளைகளின் பயண நேரத்துக்கு இல்லை. எங்களில் யார் அந்த முப்பத்து மூன்று நாட்களைத் தரப்போகிறார் என்பதற்கும் இல்லை. நீண்ட பயணத்துக்கு ஈடாக மலிவான வீடோ நல்ல சம்பளமோ கிடைத்துவிட்டால் கணக்குச் சரியாகிவிடும் என்று பொருளியல் சொல்கிறது. ஜெர்மானியக் குடும்பங்களின் தரவுகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்ந்த அலோயிஸ் ஸ்டுட்சரும் புருனோ ஃபிரேயும் அப்படிச் சரியாவதில்லை என்றே கண்டார்கள். பயணம் நீண்டவர்களின் மனநிறைவு குறைவாகவே இருந்தது.

தரவரிசை பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பிள்ளைகளோடு ஊர் மாறுகிற பெற்றோர் எல்லோரும் முதலில் பிடித்துக்கொள்கிற கொழுகொம்பு அதுதான். தெரியாத ஊரில் ஓர் எண் கிடைத்தால் மனம் அதில் சாய்ந்துகொள்கிறது. ஆனால் அந்த எண் எதை அளக்கிறது? அமெரிக்காவில் 1966-இல் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து நடந்த ஆய்வு, தேர்வு மதிப்பெண்களில் காணப்படும் வேறுபாட்டைப் பள்ளியின் கட்டடமும் செலவும் விளக்குவதைக் காட்டிலும் மாணவர்களின் குடும்பப் பின்னணி கூடுதலாக விளக்குகிறது என்று காட்டியது. அந்த ஆய்வின் முறைகளைப் பற்றி அதன் பிறகு எத்தனையோ வாதங்கள் எழுந்தன என்றாலும், நமக்கு வேண்டிய கருத்து நிலைத்திருக்கிறது. வெறும் தேர்ச்சி விழுக்காட்டை வைத்துப் போடப்படும் தரவரிசை, அந்தப் பள்ளி என்ன கற்றுக்கொடுக்கிறது என்பதைச் சொல்வதைவிட, அந்தப் பகுதியில் யார் குடியிருக்கிறார்கள் என்பதையே அதிகம் சொல்கிறது. நம் பிள்ளையின் குடும்பப் பின்னணி நாம்தான். எங்கே போனாலும் நாம் கூடவே போகிறோம்.

அந்த எண்ணுக்கு நாம் விலையும் கொடுக்கிறோம். பாஸ்டன் நகரத்தின் புறநகர்களில், பள்ளிச் சேர்க்கை எல்லைக் கோட்டின் இரு பக்கமும் அடுத்தடுத்து நிற்கும் வீடுகளின் விலையை ஒப்பிட்டு சான்ட்ரா பிளாக் 1999-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். அதே சுற்றுப்புறம்தான், ஆனால் பிள்ளை போகிற பள்ளி வேறு. பள்ளியின் தேர்வு மதிப்பெண் 5 விழுக்காடு கூடினால் வீட்டுக்குப் பெற்றோர் 2.5 விழுக்காடு கூடுதலாகத் தரத் தயாராக இருந்தார்கள். இதில் என்னைச் சிந்திக்க வைத்த செய்தி வேறு. எல்லைக் கோட்டை ஒட்டிய வீடுகளை மட்டும் ஒப்பிடாமல், சுற்றுப்புறத்தின் பிற வசதிகளைச் சரிவரப் பிரிக்காமல் கணக்கிட்டால், பள்ளியின் ‘விலை’ ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரிந்தது. நல்ல பள்ளிக்காகக் கொடுக்கிறோம் என்று நாம் நினைக்கிற பணத்தில் ஒரு பெரும் பங்கு, உண்மையில் மரங்களுக்கும் அமைதிக்கும் அக்கம்பக்கத்தாரின் வருமானத்துக்கும் கொடுப்பது.

இதனால் பள்ளியைப் பார்க்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தரவரிசை சொல்லாத ஒன்றைப் பள்ளியிடம் நேராகக் கேட்க வேண்டும்: சென்ற ஆண்டு நடுவில் எத்தனை பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்தார்கள்? இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது என் மகளின் முதல் மூன்று மாதங்கள். அவள் வகுப்பில் இருந்த பெரும்பாலான பெண்கள் ஐந்து வயதிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். அவர்கள் மனத்தில் கொடுமை எதுவும் இல்லை. அவர்களுக்கு இன்னொருத்தி தேவைப்படவில்லை, அவ்வளவுதான். யாரும் புதிதாக வராத பள்ளியில், வருகிற ஒரே பிள்ளை எல்லோரும் பார்க்கிற ஒரு புதுமையாக இரண்டு வாரம் இருந்துவிட்டு, பிறகு யாரும் பார்க்காத பிள்ளையாக ஆகிவிடுகிறது. ஆண்டு முழுக்கப் பிள்ளைகள் வந்துபோகிற பள்ளியிலோ, புதியவரை வரவேற்பது ஒரு பழகிய வேலை. இடைவேளையில் யாரோடு உட்கார வேண்டும் என்று முன்கூட்டியே ஏற்பாடு இருக்கும். விட்டுப்போன பாடத்தை எப்படிப் பிடிப்பது என்று ஆசிரியருக்குத் தெரிந்திருக்கும். பல தரவரிசைகளில் பிள்ளைகள் அடிக்கடி மாறுகிற பள்ளி பின்னால்தான் நிற்கும். புதிதாக வருகிறவருக்கு அது பின்னால் நிற்பதன் காரணமே அதைத் தேர்ந்தெடுக்கும் காரணமாகவும் இருக்கலாம்.

சேர்க்கை எல்லையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. எல்லைக் கோடுகள் பகுதிகளின் பெயரைப் பார்த்து ஓடுவதில்லை. நாங்கள் கிட்டத்தட்ட முன்பணம் கட்டிவிட்ட ஒரு வீட்டின் முன்னால், சாலையின் நடுவிலேயே அந்தக் கோடு போயிற்று. ஒற்றைப்படை எண் கொண்ட வீடுகள் உள்ளே, இரட்டைப்படை எண் கொண்ட வீடுகள் வெளியே. அந்த வீட்டின் எண் இரட்டைப்படை. விளம்பரத்தில் ‘எல்லைக்குள்’ என்று போட்டிருந்தார்கள். அன்றிலிருந்து தரகர் சொல்வதையும் வரைபடச் செயலி காட்டுவதையும் நான் நம்புவதில்லை. வீட்டு எண்ணோடு முழு முகவரியை எழுதி, இந்த முகவரியிலிருந்து இந்த வகுப்புக்கு இந்த மாதத்தில் இடம் உண்டா என்று பள்ளிக்கோ கல்வி அலுவலகத்துக்கோ கடிதம் போட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வதே சரி. எல்லைக்குள் இருப்பது வேறு, நடு ஆண்டில் வகுப்பில் காலியிடம் இருப்பது வேறு. மக்கள்தொகை பெருகும் புதிய பகுதிகளில் கோட்டை மாற்றி வரைவதும் வழக்கமே. அருகில் புதிய பள்ளி கட்டப்படுகிறதா என்று கேட்டுவைத்துக்கொள்ளலாம். தொடக்கப் பள்ளிக்கு ஒரு கோடு, மேல்நிலைக்கு வேறு கோடு என்று இருக்கும் ஊர்களில் இரண்டு பிள்ளைகள் உள்ளவர்கள் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, பள்ளி முழுவதும் ஒரே வளாகம்.

இனி வயது. ஒரே தெரு ஏழு வயதுக்கு ஒரு தெருவாகவும் பன்னிரண்டு வயதுக்கு வேறொரு தெருவாகவும் இருக்கிறது. மகன் பின்பக்கப் புல்தரையில் எறும்புகளைப் பார்த்துக்கொண்டு ஒரு மாதம் கழித்துவிட்டான். பக்கத்து வீட்டில் ஆறு வயதில் ஒரு பையன் இருந்தது அவனுக்குப் போதுமானதாக இருந்தது. மகளுக்கு அந்தப் புல்தரையால் ஒரு பயனும் இல்லை. அந்த வயதில் நட்பு என்பது பள்ளி முடிந்து யாரோடு நடந்து வருகிறோம், வழியில் எங்கே நின்று பேசுகிறோம் என்பதில்தான் வளர்கிறது. அவள் தோழியாகக்கூடிய பெண்கள் மணி அடித்ததும் கூட்டமாக நடந்துபோவார்கள்; இவள் எங்கள் காருக்காகக் கதவருகே காத்திருப்பாள். யாராவது அவளை வீட்டுக்கு அழைத்தால், அழைத்தவரின் தாயும் நானும் தொலைபேசியில் பேசி, நேரம் குறித்து, நான் கொண்டுபோய் விட்டு, திரும்பப் போய் அழைத்துவர வேண்டும். ஏழு வயதுக்கு அது இயல்பு. பன்னிரண்டு வயதில், தாய்மார்கள் ஏற்பாடு செய்கிற நட்பு என்பது கொஞ்சம் அவமானம். மூன்றாவது அழைப்புக்குப் பிறகு அவள் தானாகவே ‘வேண்டாம்மா’ என்று சொல்லத் தொடங்கினாள்.

வயதின் கணக்கை அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய சோதனை வேறொரு கோணத்தில் காட்டியிருக்கிறது. 1994-இல் தொடங்கி ஐந்து நகரங்களில் ஏறத்தாழ 4,600 ஏழைக் குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு, அவர்களில் குலுக்கலில் தேர்வானவர்களுக்கு வறுமை குறைந்த பகுதிகளுக்குக் குடிபெயர உதவித்தொகை கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு அவர்களின் வருமானத்தை ராஜ் செட்டியும் உடன் ஆய்வாளர்களும் கணக்கிட்டபோது, பதின்மூன்று வயதுக்கு முன் இடம் மாறியவர்கள் இருபதுகளின் நடுவில் ஏறத்தாழ 31 விழுக்காடு கூடுதலாகச் சம்பாதித்தார்கள். அந்த வயதைக் கடந்த பிறகு மாறியவர்களுக்குப் பலன் இல்லை, சற்று இழப்பும் தெரிந்தது. கடும் வறுமையிலிருந்து வெளியேறிய குடும்பங்களைப் பற்றிய இந்த முடிவை, சம்பள உயர்வோடு ஊர் மாறுகிற என் போன்றவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் இரண்டு செய்திகள் எங்களுக்கும் பொருந்தின. சுற்றுப்புறம் பிள்ளைக்குள் இறங்க ஆண்டுகள் ஆகும் என்பது ஒன்று. பதின்ம வயதில் இடம் மாறுவதற்கே ஒரு விலை இருக்கிறது, அந்த விலையைப் புதிய இடத்தின் சிறப்பு ஈடுகட்ட வேண்டியிருக்கிறது என்பது மற்றொன்று. அடிக்கடி வீடு மாறி வளர்ந்த பிள்ளைகளைப் பற்றி ஷிகெஹிரோ ஓய்ஷி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களிடையே, கலகலப்பான இயல்பு உடையவர்களுக்கு அந்த மாற்றங்கள் பெரிய பாதிப்பை விட்டுச்செல்லவில்லை. ஒதுங்கிய இயல்பினருக்கோ பிற்கால மனநிறைவு குறைவாக இருந்தது, நெருக்கமான உறவுகளும் குறைவாகவே அமைந்திருந்தன. என் மகள் இரண்டாவது வகை. அவளுக்கு நண்பர்கள் தாமாக வந்து மோதுகிற இடம் வேண்டும். தேடிப்போய்க் கண்டுபிடிக்க வேண்டிய இடத்தில் நாங்கள் குடிவைத்திருந்தோம்.

பயிற்று மொழியும் மாறுவதாக இருந்தால் இதோடு இன்னொன்றும் சேரும். கனடாவில் குடியேறிய பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ், விளையாட்டிலும் பேச்சிலும் புழங்குகிற மொழி ஓரிரண்டு ஆண்டுகளில் வந்துவிடும், பாடநூலின் மொழியில் சக மாணவர்களை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும் என்றார். சரளமாகப் பேசுகிறதே என்று மூன்றாம் ஆண்டில் உதவியை நிறுத்திவிடாத பள்ளி வேண்டும் என்பது இதன் பொருள். பேச்சு மொழி எங்கே வருகிறது என்றால், அதுவும் நான்கு மணிக்குத் தெருவில்தான் வருகிறது.

தெருவுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையில் நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைப் பற்றியே. பிள்ளைகளுக்கு ஏற்ற குடியிருப்புப் பகுதி எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்று நகரத் திட்டமிடுபவர்கள் நூறாண்டுகளாக யோசித்திருக்கிறார்கள். 1929-இல் நியூயார்க் வட்டாரத் திட்டத்துக்காகக் கிளாரன்ஸ் பெரி வரைந்த அமைப்பில், நடுவில் தொடக்கப் பள்ளி. அதைச் சுற்றிக் கால் மைல், அதாவது ஏறக்குறைய 400 மீட்டர் ஆரத்துக்குள் வீடுகள். பெரிய சாலைகள் பகுதியின் ஓரமாகச் செல்லுமே தவிர உள்ளே நுழையா. எந்தப் பிள்ளையும் பள்ளிக்குப் போக ஒரு பெருஞ்சாலையைக் கடக்கக் கூடாது என்பதுதான் அளவுகோல். அந்த அமைப்புக்கு வேறு குறைகள் உண்டு. ஒரே மாதிரியான மனிதர்களை ஒரே வேலிக்குள் அடைத்துவிடுகிறது என்று அதைக் கண்டித்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வாடகைக்கு வீடு பார்க்கிறவர் கையில் வைத்துக்கொள்ள அதைவிட எளிய அளவுகோலை நான் பார்த்ததில்லை. வரைபடத்தில் பள்ளிக் கதவில் விரலை வைத்து, எந்தப் பெருஞ்சாலையையும் தாண்டாமல் விரல் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்தால் போதும். எங்கள் முதல் வீட்டிலிருந்து விரலை எடுத்துவைத்தால் நெடுஞ்சாலையில் போய் முட்டிக்கொண்டிருக்கும். அப்போது நாங்கள் அப்படிப் பார்க்கவில்லை.

சாலையில் வண்டி அதிகம் என்பதற்குப் பாதுகாப்பின்மை என்ற ஒரு பொருள் மட்டும் இல்லை. டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற நகர அமைப்பு ஆய்வாளர் சான் பிரான்சிஸ்கோவில் ஒத்த தன்மையுள்ள மூன்று தெருக்களை எடுத்துக்கொண்டார். ஒன்றில் நாளுக்கு 2,000 வண்டிகள், இன்னொன்றில் 8,000, மற்றொன்றில் 16,000. வண்டி குறைந்த தெருவில் குடியிருந்தவர்களுக்குத் தெருவில் சராசரியாக மூன்று நண்பர்கள் இருந்தார்கள். வண்டி மிகுந்த தெருவில் ஒருவர்கூட முழுதாக இல்லை, 0.9. தங்கள் ‘வீட்டு எல்லை’ எதுவரை என்று வரைந்து காட்டச் சொன்னபோது, முதல் தெருக்காரர்கள் தெரு முழுவதையும் வளைத்தார்கள், மூன்றாவது தெருக்காரர்கள் தங்கள் கட்டடத்தை மட்டும் வளைத்தார்கள். இந்த மனிதர் 1982-இல் ஏதென்ஸ் நகரில் வேகமாக வந்த காரில் அடிபட்டு இறந்தார் என்று பிறகு படித்தபோது, படித்ததை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

வேகமும் எண்ணிக்கையைப் போலவே முக்கியம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டியோடு ஒப்பிட்டால் 50 கிலோமீட்டரில் வருவதன் இயக்க ஆற்றல் 2.8 மடங்கு, பலகையில் எழுதப்படும் எண்ணில் இருபதுதான் வேறுபாடு. இங்கிலாந்தில் 1971-இல் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளில் 80 விழுக்காட்டினர் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குப் போய்வந்தார்கள் என்றும், 1990-இல் அது 9 விழுக்காடாகக் குறைந்துவிட்டது என்றும் மேயர் ஹில்மனும் உடன் ஆய்வாளர்களும் கண்டறிந்தார்கள். பிள்ளைகள் திறன் குறைந்து போனதால் அல்ல. பெற்றோர் சாலைகளுக்கு அஞ்சியதால். அந்த அச்சம் நியாயமானதாகவே இருந்தது. ஆனால் அச்சத்தால் நாம் எடுக்கிற காரும் அடுத்த வீட்டாரின் அச்சத்துக்கு ஒரு காரணமாகிறது. பள்ளி வாசலில் காலை எட்டேகாலுக்கு நிற்கிற நெரிசல் முழுவதும் அந்த நெரிசலிலிருந்து தங்கள் பிள்ளையைக் காப்பாற்ற வந்த பெற்றோரால் ஆனது. நானும் அதில் ஒருத்தியாக ஓராண்டு நின்றிருக்கிறேன்.

எனவே ஒரு பகுதியைப் பார்க்கப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். எந்தத் தெருவும் ஞாயிற்றுக்கிழமை அழகாகத்தான் இருக்கும். வார நாள் ஒன்றில், பள்ளி விடுகிற நேரத்தில் பள்ளிக் கதவருகே நின்று, வெளியே வருகிற பிள்ளைகளோடு நடந்து பாருங்கள். எத்தனை பிள்ளைகள் நடந்து போகிறார்கள், எந்த வயதிலிருந்து தனியாகப் போகிறார்கள், எந்த மூலையில் கும்பல் கலைகிறது, கலைகிற இடம் நீங்கள் பார்க்கிற வீட்டுக்கு முன்னாலா பின்னாலா என்பதை அரை மணி நேரத்தில் தெரிந்துகொள்ளலாம். வாசலில் பூட்டாமல் சாய்ந்து கிடக்கிற சிறிய சைக்கிள்கள் ஒரு நல்ல அடையாளம். நூலகமோ விளையாட்டுத் திடலோ இருந்தால் மட்டும் போதாது. பிள்ளை தானாகப் போகக்கூடிய வழியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன்கூட்டியே போக முடியாதவர்கள், அந்த ஊரில் தெரிந்தவர் யாரேனும் இருந்தால், வீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வதற்குப் பதிலாக, பள்ளிக் கதவிலிருந்து அந்த வீடு வரை நான்கு மணிக்கு நடந்துகொண்டே காணொளி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வெட்டாமல், நிறுத்தாமல். வீட்டின் உட்புறப் படங்கள் எப்படியும் விளம்பரத்தில் இருக்கும்.

ஓசையையும் கேட்டுக்கொள்ளுங்கள். நியூயார்க்கின் மன்ஹாட்டனில் மேல்மட்ட ரயில் பாதைக்கு அருகிலிருந்த ஒரு பள்ளியில், ரயில் பக்கம் இருந்த வகுப்புகளின் பிள்ளைகள் மறுபக்க வகுப்புகளின் பிள்ளைகளைவிட வாசிப்புத் திறனில் ஆறாம் வகுப்புக்குள் ஓராண்டு வரை பின்தங்கியிருந்ததை 1975-இல் ஆர்லின் பிரான்சாஃப்ட் கண்டுபிடித்தார். தண்டவாளத்தில் ரப்பர் பட்டைகளும் வகுப்பறைகளில் ஒலித்தடுப்புப் பலகைகளும் பொருத்திய பிறகு அந்த வேறுபாடு மறைந்துபோயிற்று. ஒரே பள்ளி, ஒரே பாடம், ஒரே தரவரிசை எண். பிள்ளை தூங்கப்போகிற அறையின் சன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்பதையும் இதே கண்ணோடு பார்ப்பது நல்லது.

வாங்குவதா வாடகையா என்ற கேள்வியில் எனக்கு ஐயமே இல்லை. முதல் ஆண்டு வாடகைதான். ஆனால் ‘பிடிக்காவிட்டால் மாறிக்கொள்ளலாம்’ என்று சொல்லும்போது பெரியவர்கள் வீட்டை மட்டும் நினைத்துச் சொல்கிறோம். பள்ளியும் சேர்ந்து மாறினால், பிள்ளை ஈராண்டுக்குள் இரண்டு முறை புதியவராகிவிடுகிறது. அதனால் இரண்டாவது முறை நாங்கள் தலைகீழாகத் தேடினோம். பள்ளியை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் கதவிலிருந்து ஆயிரம் மீட்டருக்குள், நெடுஞ்சாலையின் அந்தப் பக்கத்தில் என்ன கிடைக்கிறது என்று மட்டும் பார்த்தோம். பதினான்கு பகுதிகள் இல்லை, பதினொரு தலைப்புகள் இல்லை. கிடைத்தவை மூன்று வீடுகள். அதே வாடகைக்கு ஓர் அறை குறைவு, புல்தரை கிடையாது, இரண்டாம் மாடி, குளியலறையில் நிரந்தரமாக ஓர் ஈர வாடை. என் அலுவலகத்துக்குப் பதினைந்து நிமிடம் கூடுதல். பழைய தாளில் ஏற்றியிருந்தால் அந்த வீடு கடைசிக்கு முந்தைய இடத்தில் வந்திருக்கும். என் கணவர் ஏற்றியே பார்த்தார், வந்தது.

குடிபோன இரண்டாவது வாரத்தில் மகள் நாலேகாலுக்கு வீட்டுக்கு வரவில்லை. நாலரைக்கும் வரவில்லை. நான் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது மாடிப்படியில் இரண்டு பேர் பேசுகிற சத்தம் கேட்டது. கூட வந்தவள் கீழ்த்தளத்துக்காரி, வேறு வகுப்பு. அவள் பெயரை அதுவரை நான் கேள்விப்பட்டதே இல்லை. ஏன் தாமதம் என்று கேட்டதற்கு ‘நடந்துகிட்டு இருந்தோம்மா’ என்றாள். எண்ணூறு மீட்டரை நாற்பத்தைந்து நிமிடம் நடந்திருக்கிறார்கள்.

இதை நாங்கள் சரியாகச் செய்தோம் என்று அவளிடம் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டாள். முதல் வீட்டில் அவளுக்குத் தனி அறை இருந்தது. இங்கே தம்பியோடு ஓர் அறை. நடுவில் ஒரு புத்தக அலமாரியை நிறுத்திப் பிரித்திருக்கிறோம், சன்னல் அவன் பக்கம் போய்விட்டது. தன்னைக் கேட்காமல் இரண்டு முறை வீடு முடிவு செய்தோம் என்பது அவள் குற்றச்சாட்டு, அதற்கு எங்களிடம் பதில் இல்லை. சன்னலை மாதம் ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம் என்று அவள் ஓர் அட்டவணை போட்டு அலமாரியில் ஒட்டியிருக்கிறாள். தம்பி இன்னும் கையெழுத்துப் போடவில்லை.